மூன்று கால்களும் இளகிய மண்ணும்: கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கேமரா முக்காலியின் உறுதி

டிஜிட்டல் கேமராவுக்கு உறுதியான முக்காலி எது என்னும் கேள்விக்குக் கடைகளில் கிடைக்கும் விடை, அது எத்தனை கிலோகிராம் தாங்கும் என்ற ஓர் எண்ணோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மலேசியத் தமிழர் பேச்சில் டிரைபோட் என்றும் ஸ்டாண்டு என்றும் வழங்கும் இக்கருவி எடையைத் தாங்கினால் மட்டும் போதாது. கேமராவின் ஒளியுணரி மீது ஒளி விழுந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும், அந்நேரம் வினாடியின் சிறு பகுதியாயினும் அரை நிமிடமாயினும், கேமராவை அசையாமல் வைத்திருக்கவும் வேண்டும். தாங்குதலும் அசையாதிருத்தலும் வெவ்வேறு பண்புகள் என்பதற்கு வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் தென்னந்தண்டுப் பாலமே சான்றாகும்: அது நடப்பவரின் எடையைத் தாங்கும், ஆனால் அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அதிரும். முக்காலியின் உறுதியைக் கால், தலை, நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. கோலசிலாங்கூரிலும் அதை அடுத்த வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் இவற்றுள் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் நிலமே என்பதால், இங்கு வாழ்வோர் தம் தேர்வை மண்ணிலிருந்து தொடங்குவதே முறை.

மூன்று கால்கள் ஏன் என்பதற்கு வடிவியல் தரும் விளக்கம் எளியது. ஒரே கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தில் பொருந்திவிடுவதால், மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால்களும் ஒருசேரத் தரையைத் தொடும். நான்காவது கால் ஒன்று இருந்தால் அது அந்தரத்தில் நின்று ஆட்டம் காட்டும். அடுப்புக்கு மூன்று கல் கூட்டிய மரபிலும் இந்த அறிவே உள்ளது. எனினும் பானை ஆடாது என்பதற்குத்தான் அந்தக் கூட்டு உறுதி தருகிறதே தவிர, கல் மண்ணில் அமிழாது என்பதற்கு அன்று.

இவ்வட்டாரத்து மண் மூவகைப்பட்டது. ஜெராம் தொடங்கி கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வரையுள்ள கரையோரம் கடலும் ஆறும் கொண்டுவந்து சேர்த்த மென்களிமண்ணாலானது; அதற்கு உட்புறத்தில் ராஜா மூசா காட்டை உள்ளடக்கிய வட சிலாங்கூர்ச் சதுப்புக்காடு, முழுமையாக மட்காத இலைதழைகள் நீரில் ஊறிப் படிந்த கரிமண்ணால், அதாவது மிதிக்கும்போது மெத்தைபோல் நெகிழும் மண்ணால் ஆனது; புக்கிட் மலாவாத்தி போன்ற தனிக்குன்றுகளிலும், உலு சிலாங்கூர் நோக்கி நிலம் உயரும் பகுதியிலும் மட்டுமே கெட்டியான தரை கிடைக்கிறது. தோட்டங்கள் இம்மூன்றின்மீதும் பரவியுள்ளன.

அசைவு எவ்வளவு இருந்தால் படம் கெடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் மண்ணின் முக்கியத்துவம் விளங்கும். 36 மில்லிமீட்டர் அகல ஒளியுணரியில் குறுக்கு வரிசைக்கு 6,000 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் மிகச் சிறு புள்ளிகள், இருப்பதாகக் கொண்டால் ஒரு பிக்சலின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸைப் பொருத்தியிருக்கும்போது, முக்காலியின் கால்களுக்கிடையே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், ஒரு கால் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அமிழ்ந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். பறவைகளைப் படமெடுக்கப் பயன்படும் 600 மில்லிமீட்டர் தொலைநோக்கு லென்ஸுக்கு அந்த அளவு இன்னும் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட அது எட்டுவதில்லை. மென்மண்ணில் இத்தகைய அமிழ்வு கண்ணுக்குப் புலப்படாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியவரும், அப்போது குற்றம் பெரும்பாலும் லென்ஸின்மீது சுமத்தப்படும்.

இங்கு எண்ணிப் பார்க்கத் தக்க மற்றொரு கணக்கும் உண்டு. கேமராவையும் சேர்த்து மூன்றரைக் கிலோகிராம் எடையுள்ள ஒரு முக்காலி, இரண்டரைச் சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூன்று ரப்பர் பாதங்களில் நிற்கும்போது, ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர் மண்ணிலும் ஏறத்தாழ 240 கிராம் எடை இறங்குகிறது. 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இரு பாதங்களையும் ஊன்றி நிற்கும்போது இறங்குவதோ 160 கிராம் அளவே. தாம் அமிழாமல் நிற்கும் இடத்தில் முக்காலியும் அமிழாது என்று படம் எடுப்பவர் கருதுவது ஏன் பிழையாகிறது என்பது இதனால் தெளிவாகும். பாதத்தின் கீழ்ப் பத்துச் சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டு ஒன்றை இட்டால் அந்த அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடைகளில் விற்கும் அகலப் பாதங்களை வாங்குவது ஒரு வழி. ஒட்டுப்பலகையில் வட்டமாக வெட்டிய துண்டுகளோ, திறந்த வாய் மேல்நோக்கி இருக்கும்படி சேற்றில் பதித்த மூன்று கொட்டாங்கச்சிகளோ அதே வேலையைச் செய்யும். கொட்டாங்கச்சியின் குழிவு பாதம் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்வதும் ஒரு நன்மை. சேறு ஆழமாக இல்லாமல் அடியில் கெட்டி மண் இருக்குமிடத்தில் இதற்கு நேர்மாறான வழி, அதாவது ரப்பர் பாதத்தைக் கழற்றிவிட்டுக் கூரான எஃகு முனையைக் கெட்டி அடுக்கை எட்டும்வரை ஊன்றுவது, மேலானது. ஆகவே இவ்வட்டாரத்தில் முக்காலி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதன் பாதங்களைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதே. ஒட்டிவைக்கப்பட்ட ரப்பர்க் குமிழோடு வரும் மலிவு வகைகள் எத்தனை கிலோகிராம் தாங்குவதாகச் சொல்லிக்கொண்டாலும் இந்நிலத்துக்குப் பொருந்தா.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது கம்போங் குவாந்தானில்தான். அங்கு சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் என்னும் அலையாத்தி இன மரங்களில் கூடும் மின்மினிகளின் அறிவியற்பெயர் டீரோப்டிக்ஸ் டெனெர். ஆண் பூச்சிகள் இலைகளில் அமர்ந்து, வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, மரம் முழுவதும் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. ஒரு பூச்சியின் ஒளி மிகச் சிறிதாகையால் படம் எடுப்போர் பத்து முதல் முப்பது வினாடிகள் வரை கேமராவின் ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டியுள்ளது. பதினைந்து வினாடிகளில் ஒரே இலையில் அமர்ந்த பூச்சி நாற்பது முறைக்கு மேல் ஒளிர்வதால், கேமரா அசையாதிருந்தால் அத்தனை ஒளியும் ஒரே புள்ளியில் குவிந்து மணிபோல் தெளியும். முக்காலி மெல்ல அமிழ்ந்தாலோ ஒவ்வொரு மணியும் சிறு கோடாக நீண்டு, மரம் முழுவதும் ஒரே திசையில் கீறிவிட்டதுபோல் ஆகிவிடும். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் நீண்டிருந்தால் குறை முக்காலியுடையது. சில கிளைகளில் மட்டும் கோடுகள் வெவ்வேறு திசைகளில் கலைந்திருந்தால் அது காற்றின் வேலை, அதற்கு எந்த முக்காலியும் மருந்தாகாது. நீண்ட ஒரு படத்துக்குப் பதிலாகக் குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துப் பின்னர் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே அப்போது கைகொடுக்கும்.

பார்வையாளர்கள் மின்மினிகளைக் காணச் செல்வது படகில்தான் என்பதால், படகில் முக்காலியை விரித்து வைக்கலாமா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. படகு ஒரு பாகை சாய்ந்தாலே 24 மில்லிமீட்டர் லென்ஸின் படம் எழுபது பிக்சல் நகர்ந்துவிடுகிறது. முக்காலி எத்தனை உறுதியாக இருக்கிறதோ அத்தனை உண்மையாகப் படகின் ஆட்டத்தைக் கேமராவுக்குக் கடத்தும். எனவே நீண்டநேரப் படங்களைக் கரையிலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ எடுப்பது ஒன்றே வழி. படகுத்துறையிலும் இருவகை உண்டு: மிதவைமீது அமைந்தது படகைப் போன்றதே, ஆற்றுப்படுகையில் தூண் நட்டுப் பலகை வேய்ந்தது மேலானது என்றாலும், அதில் நடப்போரின் காலடி பலகை வழியே பரவும். அப்பலகையின் நடுப்பகுதி மிகுதியாக அதிர்வதால், முக்காலியின் கால்களை இயன்றவரை தூண்களுக்கு நேர் மேலே ஊன்றி, வருவோர் போவோர் ஓயும் இடைவேளைக்குக் காத்திருந்து படமெடுப்பதே தக்கது. ஃபிளாஷ் விளக்கை இங்கு எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது. ஒளியைக் கொண்டே துணை தேடும் உயிரினத்தின்மீது செயற்கை ஒளியைப் பாய்ச்சுவது அதன் இனப்பெருக்கத்தில் தலையிடுவதாகும். நல்ல முக்காலி வைத்திருப்பவருக்கு அதற்கான தேவையும் எழாது.

சாசாரான் கடற்கரைக்கு அப்பால், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களின் கடல்வற்றத்தில் வெளிப்படும் மணல்திட்டு, வானக் கண்ணாடி என்ற பெயரால் பயணிகளை ஈர்க்கிறது. மெல்லிய நீர்ப்படலத்தில் வானம் பிரதிபலிக்கும் காட்சியை முழுமையாகப் பெறக் கேமரா நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பதால், கால்களை அகல விரித்துத் தரையோடு படியச்செய்யும் அமைப்பு இங்கு உயரத்தைவிட முக்கியமாகிறது. நகரும் நீர் பாதத்தைச் சுற்றியுள்ள மணலை அரித்துச் செல்வதால், கால்களை அழுத்தி ஊன்றிச் சற்று நேரம் விட்டு மீண்டும் அழுத்தி, மணல் இறுகியபின் படமெடுப்பதே முறை. செகிஞ்சானின் நெல்வயல்களில் மண்ணோடு காற்றும் சேர்ந்து சோதிக்கிறது. தடையின்றிக் கடலிலிருந்து வரும் காற்றில், முக்காலியின் கொக்கியில் தொங்கவிட்ட பை ஊசலாடி உதவிக்குப் பதில் அதிர்வையே கூட்டும் என்பதால், பையின் அடி தரையைத் தொடும்படி தொங்கவிட வேண்டும். 1907-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மலாவாத்தியில் தரை கெட்டி. அங்கு எந்த நல்ல முக்காலியும் நிற்கும்.

காலின் வலிமையைக் குறித்து இயற்பியல் சொல்வதைத் தெரிந்துகொண்டால் விளம்பரங்களை எடைபோட முடியும். மெல்லிய சுவருள்ள குழாயின் வளையாத் தன்மை அதன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. 28 மில்லிமீட்டர் குழாயை 32 மில்லிமீட்டராக்கினால் எடை ஏழில் ஒரு பங்கே கூடுகிறது, உறுதியோ ஒன்றரை மடங்காகிறது. அதே விதி தலைகீழாகவும் வேலை செய்யும்: ஒன்றுக்குள் ஒன்று செருகும் நான்கு அடுக்குக் காலில் மேற்குழாய் 28 மில்லிமீட்டராக இருந்தால் கடைசிக் குழாய் 19 மில்லிமீட்டரை ஒட்டி மெலிந்து, மேற்குழாயின் உறுதியில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டாமல் போகும். ஆகையால் மூன்று அடுக்குக் கால் நான்கு, ஐந்து அடுக்குக் கால்களைவிட உறுதியானது. மடக்கும்போது அது சற்று நீளமாக இருப்பது ஒன்றே குறை. மெல்லிய கடைசிக் குழாயைத் தேவையின்றி நீட்டலாகாது என்று நூல்கள் சொல்வதும் இதனால்தான். ஆனால் உவர்நீரிலும் சேற்றிலும் இவ்விதிக்கு விலக்கு உண்டு: அடுக்குகளை இறுக்கும் பூட்டுகள் நீருக்கு மேலே இருக்க வேண்டுமானால் கடைசிக் குழாயைத்தான் முதலில் நீட்ட வேண்டும். உறுதிக்கும் ஆயுளுக்கும் இடையிலான இந்த முரண் கரையோரத்துக்கே உரியது. கடைசிக் குழாயும் ஓரளவு தடிமனாக உள்ள மூன்று அடுக்கு முக்காலியால் அது பெரிதும் தணியும்.

நடுத்தண்டு, அதாவது கேமராவை மேலும் உயர்த்த நடுவிலிருந்து எழும் குழாய், முக்காலியின் மீது நட்டுவைத்த ஒற்றைக்கால். அதை உயர்த்தாமலே கேமரா கண்மட்டத்துக்கு வருமாறு போதிய கால் நீளமுள்ளதை வாங்குவது நன்று.

செய்பொருளைப் பொறுத்தவரை வரலாறு மரத்திலிருந்து தொடங்குகிறது. 1862-இல் சிங்கப்பூர் வந்து படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஜான் தாம்சனின் காலத்தில், ஈரக் கண்ணாடித் தகடுகளுக்குப் பல வினாடி ஒளி தேவைப்பட்டதால், மரக்கால்களே கேமராவைச் சுமந்தன. மரம் அதிர்வை விரைவில் உள்வாங்கி அடக்கும் இயல்புடையது. பின்னர் அலுமினியம் வந்தது. பிரான்சில் தோன்றிய கிட்சோ நிறுவனம் 1994-இல் கார்பன் இழைக் கால்களை அறிமுகப்படுத்தியது. கார்பன் இழை எடை குறைந்தது, அதிர்வை அலுமினியத்தைவிட விரைவில் அடக்குவது, உப்பால் அரிக்கப்படாதது; ஆனால் விலை பல மடங்கு, கூர்மையான அடி பட்டால் விரிசல் விடும், மூட்டுகளும் திருகுகளும் உலோகமே என்பதால் உப்பின் தொல்லையிலிருந்து முழு விடுதலையும் இல்லை. வாகனத்திலிருந்து இறங்கிச் சிறு தொலைவு மட்டுமே நடப்பவருக்குத் தடித்த குழாயுள்ள மூன்று அடுக்கு அலுமினிய முக்காலி மெல்லிய கார்பன் முக்காலியைவிடச் சிறந்த முதலீடு. காற்றடிக்கும் வயல்வெளியில் அதன் எடையே அதற்குத் துணை.

காலுக்கு மேலுள்ள தலை, கேமராவைத் திருப்பி நிறுத்தும் பகுதி. உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் பந்துத்தலை விரைவானது. மூன்று கைப்பிடிகளுள்ள தலை மெதுவானதாயினும் நுட்பமாகத் திருத்த ஏற்றது. இரண்டு கிலோகிராம் அளவுள்ள பறவை லென்ஸுகளுக்கு, எடையைச் சமன்செய்து ஊஞ்சல்போல் தாங்கும் கிம்பல் தலை உகந்தது. கேமராவின் அடியிலுள்ள திருகுத்துளை கால் அங்குலம், பெரிய தலைகளுடையது எட்டில் மூன்று அங்குலம் என்று உலகளவில் ஒரு தரம் நிலவுவதால் கால் ஒரு நிறுவனத்துடையதாகவும் தலை வேறொன்றினுடையதாகவும் இருக்கலாம். கேமராவின் அடியில் பொருத்தும் தகட்டில் தடித்த ரப்பர் மெத்தை இருந்தால் அது சுருள்வில்லாகி எல்லா உறுதியையும் வீணாக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பெட்டியின்மீது அச்சிட்ட தாங்குதிறன் எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் முறைப்படி அளப்பதால் ஒன்றையொன்று ஒப்பிட அது பயன்படாது. கடையிலேயே செய்யத்தக்க சோதனை அதைவிட நம்பத்தக்கது: கால்களை முழுமையாக நீட்டி, சொந்தக் கேமராவையும் தம்மிடமுள்ள மிக நீண்ட லென்ஸையும் பொருத்தி, திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் நுனியை விரலால் மெல்லத் தட்டினால், ஆட்டம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஒரு வினாடிக்குள் அடங்கினால் நன்று. பின்னர் தலையை இறுக்கிக் கையை எடுத்தவுடன் காட்சி கீழே சரிகிறதா என்றும், மேற்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முறுக்கினால் கால்கள் திருகுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நூறு ரிங்கிட்டுக்கும் குறைவான பிளாஸ்டிக் முக்காலிகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் சோதனையில் வீழ்கின்றன.

கோலசிலாங்கூரில் பயன்படும் முக்காலிக்குப் பராமரிப்பும் உறுதியின் ஒரு பகுதியே. உவர்நீரில் நின்ற கால்களை அன்றே நன்னீரில் கழுவி, அடுக்குகளைக் கழற்றி உலர்த்தி, பூட்டின் திருகிழைகளில் படிந்த மணலைத் துடைத்து மெல்லிய மசகு இடாவிட்டால், சில மாதங்களில் பூட்டுகள் இறுகாமல் நழுவத் தொடங்கும். முறுக்கிப் பூட்டும் வகை இதற்குக் கழற்ற எளியது. நெம்பிப் பூட்டும் வகையில் அது பூட்டியுள்ளதா என்பது இருட்டிலும் தொட்டாலே தெரிவதால் மின்மினி இரவுகளுக்கு ஏற்றது.

தோட்டத்து வாழ்வைப் பதிவு செய்ய விரும்புவோருக்கு முக்காலியின் பயன் இருவேறாகப் பிரிகிறது. தீமிதித் திருவிழாவின் கூட்ட நெரிசலில் விரிந்த மூன்று கால்களும் பிறருக்கு இடையூறு. பூக்குழியைச் சுற்றி ஓடுவோர் தடுக்கி விழக்கூடும். அங்கு மோனோபாட் எனப்படும் ஒற்றைக்காலே பொறுப்பான தேர்வு. முக்காலி தன் முழுப் பெருமையையும் காட்டுவது அமைதியான வேறொரு பணியில்: தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறி, லயன் வீடுகளிலிருந்து குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயரும்போது, சுவரில் மாட்டியிருந்த திருமணப் படங்களும், பள்ளிக் குழுப் படங்களும், கோயில் வரவுசெலவுக் குறிப்பேடுகளும் ஈரப்பதத்துக்கும் கரையானுக்கும் இரையாகின்றன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழம்படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தால் அது கிழிந்துவிடும். ஸ்கேனரில் வைக்கவும் முடியாது. அவ்வாறானவற்றை அப்படியே மேலிருந்து படமெடுப்பது ஒன்றே வழி, அதற்கு நடுத்தண்டைக் கிடைமட்டமாக நீட்டக்கூடிய முக்காலி வேண்டும். கேமராவின் எடை ஒரு பக்கமாக வெளியே தொங்குவதால் ஒரு காலை அதே திசையில் நிறுத்தி, நடுத்தண்டின் மறுமுனையில் அதற்கு ஈடான எடையைக் கட்டிச் சமன்செய்ய வேண்டும். லயன் வீட்டின் சிமெண்டுத் தரை இதற்கு மிகப் பொருத்தமானது. சட்டக் கண்ணாடியில் வெளிச்சம் பளிச்சிடாமலிருக்க இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாக ஒளி வரச்செய்து, கேமராவின் தானியங்கித் தாமதத்தை இரண்டு வினாடிக்கு வைத்து, லென்ஸில் அசைவுதடுப்பு வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அசையாத கேமராவில் அவ்வசதி தானே சிறு அசைவை உண்டாக்கக்கூடும். கேமரா படத்துக்கு இணையாக இருக்கிறதா என்பதை அறியப் பழம்படத்தின் நடுவில் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வைத்து, லென்ஸின் வழியே பார்க்க வேண்டும்; அதில் லென்ஸின் வட்டம் திரையின் சரியான மையத்தில் தெரியும்வரை தலையைத் திருத்தி இறுக்கிய பிறகு, கண்ணாடியை எடுத்துவிட்டு, முக்காலியைத் தொடாமல் படமெடுக்க வேண்டும்.